குட்டைத் தந்தி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோவையில் பொறியியல் படிக்கிறேன். ஓரளவு கிட்டார் வாசிப்பேன். அடுத்த மாதம் எங்கள் கல்லூரி இசைக்குழுவில் ஆப்பிரிக்க-அமெரிக்க இசை பற்றி இருபது நிமிடம் பேசவேண்டும். ‘ஆப்பிரிக்க ரத்தத்தில் ஊறிய தாளம்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். மேளத்தில் தொடங்கி புளூஸ், ஜாஸ், ராக், ஹிப் ஹாப் என்று ஒரே கோடாகக் கொண்டுபோய் முடிப்பதாகத் திட்டம். மாலி நாட்டின் அலி ஃபர்கா டூரேதான் புளூஸின் மூலம் என்றும், கோரா என்ற வாத்தியம்தான் பாஞ்சோ என்ற அமெரிக்கத் தந்தி வாத்தியத்தின் தாத்தா என்றும் படித்தேன். சரிதானா? 12 பார் புளூஸ் அமைப்பு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா? நம் பறைக்கும் ஆப்பிரிக்க மேளங்களுக்கும் தொடர்பு உண்டா? முதலில் எந்த ஒலிப்பதிவுகளைக் கேட்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

ஒரு சின்ன சந்தேகமும் உண்டு. 1920-களின் புளூஸ் பதிவுகளைக் கேட்டால் பெரும்பாலும் மேளமே இல்லையே, ஏன்?

அன்புடன்,
செந்தில்

அன்புள்ள செந்தில்,

சின்ன சந்தேகம் என்று கடைசியில் ஒதுக்கியிருக்கிறீர்களே, கடிதத்தில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் எங்கோ படித்ததைத் திருப்பிக் கேட்டிருக்கிறீர்கள். இதை உங்கள் காது கேட்டிருக்கிறது. அந்தக் காதை இன்னும் கொஞ்சம் நம்பியிருந்தால் அந்தத் தலைப்பை நீங்களே கிழித்துப் போட்டிருப்பீர்கள். ஆப்பிரிக்கா என்றதும் மேளத்தைத் தூக்கிக்கொண்டு வரும் சோம்பேறித்தனத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். அலி ஃபர்கா டூரே பிறந்தது 1939-ல். மேமி ஸ்மித்தின் புளூஸ் இசைத்தட்டு நியூயார்க்கில் விற்பனைக்கு வந்தது 1920-ல். டூரே, அமெரிக்கப் புளூஸ்காரர் ஜான் லீ ஹுக்கரைக் கேட்டு அதில் தன் ஊர் இசையை அடையாளம் கண்டவர். அவர் வாசிப்பில் நைஜர் ஆற்றங்கரையும் இருக்கிறது, அமெரிக்க இசைத்தட்டும் இருக்கிறது. பின்னால் வந்தவரை மூலம் என்று மேடையில் சொல்லாதீர்கள், காலக்கணக்கு தெரிந்த ஒருவர் அவையில் இருந்தால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

கோரா இன்னும் மோசம். அதற்கு 21 தந்திகள், குதிரையின் (தோல்மேல் நின்று தந்திகளைத் தாங்கும் கட்டை) இரு பக்கமும் இரண்டு வரிசையாகப் போகின்றன. இரு கைகளின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மீட்டுவார்கள். தண்டியில் தந்தியை அழுத்தி சுரம் பிடிப்பது என்பதே அதில் கிடையாது. சுரைக்குடுக்கையும் தோலும் இருக்கிறது என்பதற்காக உறவு கொண்டாடினால் உலகத்தில் பாதி வாத்தியம் உறவாகிவிடும்.

12 பார், அதாவது பன்னிரண்டு தாள அளவில் முடியும் பாட்டுச் சுற்று என்பது 1912 வாக்கில் டபிள்யூ. சி. ஹேண்டி போன்ற இசையமைப்பாளர்கள் அச்சுக்குக் கொண்டுவந்த பிறகு இறுகிய சட்டகம். அதிலுள்ள மூன்று கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) ஐரோப்பியச் சரக்கு. மிசிசிப்பியின் வடக்கு மலைப்பகுதிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பாட்டு முழுக்க ஒரே கார்டில் நிற்பார்கள், பாரை எண்ணமாட்டார்கள், பாட்டு வரி முடியும் இடத்தில்தான் சுற்று முடியும்.

பறை பற்றி: இல்லை.

இப்போது உங்கள் ‘சின்ன சந்தேகத்துக்கு’ வருவோம். இதற்கு இணையத்தில் ஒரு வரிப் பதில் தயாராக இருக்கும்: மேளத்தைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். உண்மைதான், ஆனால் கால் பங்கு உண்மை. 1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றுப் பக்கம் அடிமைகள் ஆயுதம் எடுத்தார்கள். மேளம் கொட்டிக்கொண்டு தெற்கே நடந்தார்கள், வழியில் மேலும் பலர் சேர்ந்தார்கள். கலகத்தை அடக்கிய பிறகு, 1740-ல் வந்த சட்டம் அடிமைகள் மேளமோ கொம்போ வைத்திருப்பதைத் தடுத்தது. கூப்பிட்டுத் திரட்டக்கூடிய ஓசை எதுவும் அவர்கள் கையில் இருக்கக்கூடாது என்பது நோக்கம்.

சரி, சட்டம் போட்டதும் மேளம் செத்துவிட்டதா? 1785-க்கும் 1790-க்கும் இடையில் அதே தென் கரோலினாவில் ஜான் ரோஸ் என்ற பண்ணையார் வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்று வர்ஜீனியாவில், வில்லியம்ஸ்பர்க் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடிமைகள் ஆடுகிறார்கள். ஒருவர் சுரைக்குடுக்கை பாஞ்சோ வாசிக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் சிறு மேளமொன்றைக் குச்சியால் அடித்துக்கொண்டிருக்கிறார். சட்டம் வந்து நாற்பத்தைந்து வருடம் கழித்து! நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில் 1819-ல் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லட்ரோப் மேளங்களைப் பார்த்து வரைந்து வைத்திருக்கிறார். மிசிசிப்பி மலைப்பகுதியில் மூங்கில் குழலும் மேளமும் சேர்ந்த குழுக்கள் இருபதாம் நூற்றாண்டு முழுக்க இருந்தன. நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1942-ல் சிட் ஹெம்ப்ஹில் குழுவைப் பதிவுசெய்தார்.

ஆக, மேளம் மெலிந்ததற்கு வேறு காரணங்களும் வேண்டும். தலைக்கணக்கு ஒன்று. அட்லாண்டிக்கில் ஏற்றப்பட்ட சுமார் 1 கோடியே 25 லட்சம் பேரில் நேரடியாக வட அமெரிக்காவில் இறக்கப்பட்டவர்கள் 3,88,000 பேர் அளவில்தான், நூற்றுக்கு மூன்று. பிரேசிலுக்குப் போனவர்கள் 48 லட்சம் பக்கம். அமெரிக்காவில் 1808-ல் இறக்குமதி சட்டப்படி நின்றது, கியூபாவில் 1860-கள் வரை ஓடியது. மேற்கு ஆப்பிரிக்க யோருபா மக்களின் பாட்டா மேளம் கியூபாவில் பிழைத்தது என்றால், அதைச் செய்யவும் அதற்குப் பூசை போடவும் அடிக்கவும் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில், ஒரே மொழியோடு, புதிதாக வந்துகொண்டே இருந்தார்கள். ஐந்து பேர், பத்துப் பேர் என்று சிதறிக் கிடந்த வர்ஜீனியாப் பண்ணையில் அது நடக்காது.

உங்கள் 1920-கள் பதிவுகளுக்கு இன்னொரு காரணம், வெறும் எந்திரக் காரணம். 1925-ல் மைக் வைத்த மின்பதிவு வருமுன் வாசிப்பதெல்லாம் ஒரு பெரிய கூம்புக்குள் போய், அந்த அதிர்விலேயே ஊசி மெழுகைக் கீறியது. பெரிய மேளத்தை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும். ஜாஸ் குழுக்களின் மேளக்காரர்களே பதிவறையில் மரக்கட்டையும் சிறு தாளமும் தட்டிச் சமாளித்தார்கள். பிறகு, சந்தைக்குச் சந்தை ரயிலேறிப் போகும் புளூஸ்காரர் தோளில் மாட்டியது ஒரு கிட்டார்தான், மேளமும் சுமந்துபோக அவருக்கு ஆள் இல்லை. பதில் இவ்வளவே. நாலு காரணம், அதில் ஒன்று சட்டம்.

மேளம் இல்லாத இடத்தில் அதன் வேலையை எது செய்தது என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். சுதந்திர மனிதராகப் பிறந்து, கடத்தப்பட்டு லூசியானாவில் பன்னிரண்டு வருடம் அடிமையாக இருந்த சாலமன் நார்த்தப் பிடில் வாசிப்பவர். 1853-ல் வந்த தன் நூலில் ‘ஜூபா தட்டுதல்’ எப்படி என்று எழுதியிருக்கிறார். கைகளால் முழங்காலில் ஓர் அடி, பிறகு கைதட்டல், பிறகு ஒரு கையால் வலது தோள், மறு கையால் இடது தோள், இதற்கிடையில் கால் தாளம் போட்டபடி இருக்கும், வாய் பாடும். அமெரிக்காவின் ஜார்ஜியாக் கடலோரக் கறுப்பர்களின் வட்ட வழிபாட்டில் ஒருவர் உட்கார்ந்து விளக்குமாற்றுக் கம்பை மரத்தரையில் செங்குத்தாக இடிப்பார். அந்தத் தரைதான் மேளம். பாடுபவர் ஓர் அடி எடுத்துக் கொடுக்க, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டு கைதட்டுவார்கள். எட்டு எண்ணிக்கையை 3, 3, 2 என்று உடைக்கும் தட்டு அது. மற்றவர்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டமாக நகர்வார்கள். காலோடு கால் குறுக்கே போகக்கூடாது, போனால் அது நடனமாகிவிடும், நடனம் தேவாலயத்தில் பாவம். சட்டத்துக்கும் பாதிரியாருக்கும் இடையில் எவ்வளவு நுணுக்கமாக வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் பாருங்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ரத்தம் என்கிறீர்கள். செந்தில், இந்தச் சொல்லை அவர்களை அடித்து வேலை வாங்கியவர்களும் இப்படித்தான் பயன்படுத்தினார்கள். பாடவும் ஆடவும் பிறந்தவர்கள், யோசிக்கப் பிறந்தவர்கள் அல்ல என்று. நீங்கள் பாராட்டாகச் சொல்கிறீர்கள், தெரியும். அவர்களில் பலரும் பாராட்டாகத்தான் சொன்னார்கள். ரத்தத்தில் இருக்கிறது என்று சொன்ன மறுகணம், ஒரு கிழவர் ஒரு பையனை எதிரில் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த நேரமெல்லாம் கணக்கிலிருந்து போய்விடுகிறது. கடல் தாண்டி வந்தது கைப்பழக்கம். கற்றுக்கொடுத்தால் வரும், கற்றுக்கொடுக்காவிட்டால் வராது.

இதற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சாட்சி ஒன்று இருக்கிறது. பாஞ்சோவின் குட்டைத் தந்தி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தவிர்த்துவிடுகிறேன். நம்மூர் மெல்லிசைக் குழுக்களில் பேஞ்சோ என்று சொல்வது விசைக்கட்டைகள் வைத்த புல்புல் தாராவை. நான் சொல்வது அதுவல்ல. வட்டமான தோல்முகமும் நீண்ட தண்டியும் உள்ள அமெரிக்க வாத்தியம். ஐந்து தந்திகளில் நான்கு தண்டியின் நுனி வரை போகும். ஐந்தாவது, மேல்பக்கத் தந்தி, ஐந்தாம் மெட்டுக்கு (தண்டியின் குறுக்கே பதித்த கம்பி) நேரே பக்கவாட்டில் செருகிய ஒரு பிரடையில், அதாவது தந்தியை முறுக்கும் முளையில் முடிந்துவிடும். நீளம் மற்றவற்றில் முக்கால் பங்கு. கட்டைவிரலுக்கு மிக அருகில் இருக்கும் தந்திதான் சுருதியில் எல்லாவற்றையும்விட உயரம். கிட்டார் வாசிக்கிற உங்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அந்தத் தந்தியை இடது கை அநேகமாகத் தொடாது. ஒரே சுரத்தில் விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டே இருக்கும். வீணையில் பக்கவாட்டில் போகும் மூன்று தாளத் தந்திகளைப் பார்த்திருப்பீர்களே, சுண்டுவிரலால் தட்டுவார்கள், சுருதியும் சொல்லும் தாளமும் சொல்லும். அந்த வேலைதான். ஆனால் வீணையில் அது தாளத்தின் அடியைக் காட்டும், பாஞ்சோவில் இரண்டு அடிக்கு நடுவிலுள்ள சந்து, அதாவது இடைவெளியைக் காட்டும். இந்த வித்தியாசத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

இந்தக் குட்டைத் தந்தியை ஜோயல் வாக்கர் ஸ்வீனி என்ற வர்ஜீனியா வெள்ளையர் கண்டுபிடித்தார் என்று நூறு வருடத்துக்கு மேல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸ்வீனி பிறந்தது 1810. மேலே சொன்ன ஓவியம் அதற்கு இருபது வருடம் முந்தியது, அதில் நான்கு தந்தி பாஞ்சோ, அதில் ஒன்று குட்டை. 1770-களில் சுரினாமில் ஸ்டெட்மன் என்ற படையதிகாரி சேகரித்த வாத்தியம் நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. மூன்று நீளம், ஒன்று குட்டை. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சன் தன் வர்ஜீனியா பற்றிய குறிப்புகளில் இதைக் கறுப்பர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த வாத்தியம் என்றே எழுதிவிட்டார். ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1680-களின் இறுதியில் ஜமைக்காவில் கண்ட குடுக்கை வாத்தியங்களை 1707-ல் படமாகவே அச்சிட்டார். ஸ்வீனி சேர்த்தது அதிகபட்சம் நீளத் தந்திகளில் ஒன்றாக இருக்கலாம். பக்கத்துப் பண்ணைக் கறுப்பர்களிடம் கற்றவர் அவர். கற்றவரைக் கண்டுபிடித்தவராக்கிவிட்டார்கள்.

ஆப்பிரிக்கப் பக்கம் யார் என்றால், செனகல், காம்பியா, கினி-பிசாவ் மூன்றிலும் பரவி வாழும் ஜோலா மக்களின் அகோன்டிங். சுரைக்குடுக்கை உடல், ஆட்டுத்தோல், நீண்ட கழியே தண்டி, மூன்று தந்தி. அதில் கட்டைவிரல் பக்கத் தந்தி குட்டை. அமெரிக்காவுக்குப் படிக்கப்போன டேனியல் ஜட்டா என்ற காம்பியாக்காரர் பாஞ்சோவைக் கண்டதும் தன் தந்தை வாசித்த வாத்தியத்தை அதில் அடையாளம் கண்டு, ஊர் திரும்பி ஆராயத் தொடங்கி, 2000-ல் பாஞ்சோ சேகரிப்பாளர்கள் முன்னால் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். ‘அகோன்டிங்தான் பாஞ்சோவின் அப்பா’ என்று உடனே எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தக் குடும்பத்து வாத்தியங்கள் டஜன் கணக்கில் உண்டு. தட்டையான தண்டியும் பிரடையும் கரீபியத் தீவுகளில் சேர்ந்தவை. ஆப்பிரிக்காவில் தண்டி உருண்டை, தந்தியை வளையமாகக் கட்டி நகர்த்திச் சுருதி சேர்ப்பார்கள். வாத்தியம் கரீபியத்தில் பிறந்தது. வலது கை அதற்கு முன்பே பிறந்துவிட்டது.

அந்த வலது கையைச் சொல்கிறேன், நன்றாகக் கவனியுங்கள். கிட்டாரில் நீங்கள் விரலை மேல்நோக்கி இழுத்து மீட்டுவீர்கள். இங்கே அது கிடையாது. ஆள்காட்டி விரலின் நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடிக்கவேண்டும், விரல் மூட்டு மடங்காமல், கை முழுதும் ஒரே பிடியாக மணிக்கட்டிலிருந்து இறங்கவேண்டும். நகம் நீளத் தந்தியில் இறங்கும் அதே நேரத்தில் கட்டைவிரல் குட்டைத் தந்திமேல் போய் உட்காரவேண்டும். கை மேலே எழும்போது கட்டைவிரல் அந்தத் தந்தியை விட்டுவிட்டு வரும், அப்போது அது ஒலிக்கும். அடி, எழுச்சி, இரண்டிலும் ஓசை. அடிப்படைப் பாடம் ‘தா தக’: முதல் எண்ணிக்கைக்கு நகம் மட்டும், இரண்டாவதில் முன்பாதிக்கு நகம், பின்பாதிக்குக் கட்டைவிரல். இந்த அடியை அமெரிக்காவில் 1855-ல் அச்சான பாஞ்சோப் பாடநூல் விவரிக்கிறது. ஜோலா கிராமத்தில் அகோன்டிங் வாசிப்பவர் கையும் அப்படித்தான் இறங்குகிறது. அப்பலாச்சியன் மலையின் வெள்ளை விவசாயிகளும் இதே அடியை இன்றுவரை வாசிக்கிறார்கள். இதில் ரத்தம் எங்கே வந்தது, சொல்லுங்கள்?

புதிதாகப் பழகுபவர்கள் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். நகம் அடித்து முடித்த பிறகு கட்டைவிரலைத் தேடிக்கொண்டுபோய் வைப்பார்கள். அரை நொடி தாமதம், தாளம் நொண்டும். வேகத்தைக் கூட்டினால் சரியாகும் என்று நினைப்பார்கள், இன்னும் கெடும். இடது கையால் தந்திகளை மூடிச் செத்த ஓசையாக்கிக்கொண்டு நிமிடத்துக்கு அறுபது அடி வேகத்தில் வலது கையை மட்டும் ஓட்டவேண்டும். அது தானாக ஓடத் தொடங்கியதும் முதல் நகத்தை வேண்டுமென்றே விட்டுப்பாருங்கள். கை இறங்கும், தந்தியைத் தொடாது, எழும்போது கட்டைவிரல் மட்டும் பேசும். அடி விழவேண்டிய இடம் காலியாகவும் சந்து நிறைந்தும் இருக்கும். ராக்டைம், ஜாஸ், ஃபங்க் என்று நீங்கள் கோடு போட்டு வைத்திருக்கும் எல்லாவற்றிலும் காலைத் தூக்கி ஆடவைக்கிற சங்கதி அது. மேளம் இல்லாமல், ஒரு கையில் இரண்டு விரலில் வந்துவிட்டது. தவிர, பாஞ்சோவின் முகமே தோல். மேளத்தைத் தேடி அலைகிறவர்கள் அதன்மேல்தான் குதிரையை நிறுத்தித் தந்தி கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதில்லை.

பிறகு கறுப்பர்கள் ஏன் இதைக் கைவிட்டார்கள்? 1843-ல் நியூயார்க்கில் நான்கு வெள்ளையர்கள் முகத்தில் எரித்த தக்கைக் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பர்களைக் கேலிசெய்யும் மேடைக் கூத்தைத் தொடங்கினார்கள். கையில் பாஞ்சோ. அடுத்த அரை நூற்றாண்டு அமெரிக்காவின் பெரிய பொழுதுபோக்கு அதுதான். தன்னைக் கேலிசெய்யும் வாத்தியத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? 1880 வாக்கில் பாஞ்சோவுக்கு மெட்டுகள் பொருத்தி வரவேற்பறை வாத்தியமாக்கினார்கள். அதோடு இன்னொன்றும் போயிற்று. மெட்டில்லாத தண்டியில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் விரலை நிறுத்தலாம், வழுக்கலாம். மெட்டு வந்ததும் அந்த இடம் பூட்டப்பட்டுவிட்டது. புளூஸ் சுரம் என்று சொல்வது முக்கியமாக அந்த நடுக் காந்தாரம்தான். அதே காலத்தில் அஞ்சல் வழி விற்பனைப் பட்டியல்களில் மலிவு கிட்டார் வந்தது. கிட்டாருக்கும் மெட்டு உண்டு, ஆனால் நாதம் நீளம், கம்பித் தந்தியை அழுத்தி வளைக்கலாம், கத்தியையோ பாட்டில் கழுத்தையோ வைத்து மெட்டுகளுக்கு மேலாக வழுக்கலாம். மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் 1903 வாக்கில் ஹேண்டி கேட்டது அப்படிக் கத்தி வைத்து வாசித்தவரைத்தான். சிறுவர்கள் அதையும் கிட்டாருக்கு முன்பே வீட்டுச் சுவரில் பழகினார்கள். விளக்குமாற்றைக் கட்டிய கம்பியை அவிழ்த்து இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டி, அடியில் ஒரு பாட்டிலைச் செருகி, இன்னொரு பாட்டிலால் வழுக்குவது. மரச்சுவர் முழுக்க அதிரும்.

கட்டைவிரல் போகவில்லை. உச்சச் சுருதித் தந்தியிலிருந்து கீழ்ச்சுருதித் தந்திக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். கிட்டார்காரர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் 1928 பதிவுகளில் கட்டைவிரல் இரண்டு கீழ்த்தந்திகளுக்கிடையே மாறிமாறி நடப்பதைக் கேளுங்கள். எலிசபெத் காட்டன் இடதுகைக்காரர், சிறுமியாக முதலில் எடுத்தது அண்ணனின் பாஞ்சோவை. கிட்டாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்ததால் அவர் கட்டைவிரல் உச்சத் தந்தியில் பாட்டையும், மற்ற விரல்கள் கீழ்த்தந்திகளையும் வாசித்தன. அந்த ஒரு கையை மட்டும் வைத்து நீங்கள் உங்கள் இருபது நிமிடத்தையும் பேசலாம்.

பேசுவதைவிட ஒன்றைச் செய்து கொண்டுபோங்கள். பொறியியல் படிப்புக்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா? பாஞ்சோவுக்குப் பயன்பட்ட குடுக்கை நம் சுரை இனமேதான். குண்டு சுரையை கொடியிலேயே முற்றவிட்டு, ஆட்டினால் விதை கலகலக்கும் வரை காயவைத்ததை வாங்குங்கள். ஒரு சாண் அகலத்துக்குமேல் இருக்கட்டும், ஓடு முக்கால் சென்டிமீட்டராவது கனம் வேண்டும், மெல்லிய ஓடு தோல் இழுக்கும்போது வெடிக்கும். முகத்தை வெட்டி, விளிம்பை உப்புத்தாள்மேல் கவிழ்த்துத் தேய்த்துச் சமமாக்குங்கள். உள்ளே சுரண்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நெஞ்சை அடைக்கும். தண்டி, குடுக்கையின் இரு பக்கமும் துளைத்து வெளியே வரவேண்டும். துளையைச் சிறிதாகவே போட்டு அரத்தால் பெரிதாக்குங்கள். தண்டி விளிம்புக்குச் சற்றுக் கீழே, தோலைத் தொடாமல் போகவேண்டும், கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். நேராக வைத்தால் தந்தி கட்டியதும் முன்னே வளைந்து, தந்தி விரலுக்கு எட்டாத உயரம் போய்விடும்.

பதனிடாத ஆட்டுத்தோலை மிருதங்கம் செய்பவர்களிடம் கேளுங்கள். தண்ணீரில் ஊறவைத்து, எதிரெதிராக நாலு ஆணி, பிறகு நடுநடுவே. ஈரத்தில் இறுக்கி இழுக்காதீர்கள். எல்லோரும் இங்கேதான் கெடுப்பார்கள். காயும்போது தோல் தானே சுருங்கும், முன்பே இறுக்கியிருந்தால் விளிம்பைப் பிளந்துவிடும். நிழலில் இரண்டு நாள் காயட்டும். தந்திக்கு முக்கால் மில்லிமீட்டர் தூண்டில் நரம்பு போதும், அகோன்டிங்குக்கு இன்று அவர்களும் அதைத்தான் கட்டுகிறார்கள். குட்டைத் தந்தியின் பிரடை நீளத்தில் முக்கால் பங்கில். குதிரையை ஒட்டவேண்டாம், தந்தியின் அழுத்தத்திலேயே நிற்கும். அடுத்த மாதம் மழை பெய்தால் தோல் தொய்ந்து சுருதி இறங்கும், மேடையேறுமுன் அனல் காட்டுங்கள். மெம்ஃபிஸ் புளூஸ்காரர் கஸ் கேனன் பையனாக இருந்தபோது தட்டுப் பாத்திரத்தில் ரக்கூன் தோல் போர்த்திச் செய்துகொண்ட பாஞ்சோவுக்கும் இந்த அனல் வைத்தியம்தான்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். கேனன் 1927-ல் ‘பாஞ்சோ ஜோ’ என்ற பெயரில் வாசித்தவை, ஹர்ட்டின் 1928 பதிவுகள், ஹெம்ப்ஹில் 1942, ஜார்ஜியாவின் மெக்கின்டாஷ் வட்ட வழிபாட்டுக் குழு, வட கரோலினாவின் கறுப்புப் பிடில்காரர் ஜோ தாம்சன். இவரிடம் நேரில் போய்க் கற்றவர்கள்தான் 2005-ல் கரோலினா சாக்லெட் டிராப்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். ஹிப் ஹாப்புக்கு நேரம் இருக்காது, விட்டுவிடுங்கள்.

தலைப்பை இன்றே மாற்றுங்கள். குடுக்கை என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். தோல் கிழிந்திருந்தால் எந்தப் பக்கம் என்பதையும் எழுதவேண்டும். தண்டிப் பக்கம் என்றால் துளை மேலே ஏறிவிட்டது. குதிரைக்கு அடியில் என்றால் குதிரையின் காலை உப்புத்தாளில் தேய்க்காமல் வைத்திருக்கிறீர்கள்.

அன்புடன்